பத்தரை முதல் நான்கு வரை

கமீஸ்குரோனில் பூக்களுக்கும் அலுவல் நேரம் உண்டு.
பத்தரைக்கு முன் போனால்
சுருட்டி வைத்த குடைகள்தாம்,
நான்கு தாண்டினாலும் அப்படித்தான்.
மேகம் கட்டினால் அன்றைக்கு விடுமுறை,
எங்கள் கிளினிக் போலவே
முன்னறிவிப்பு ஒட்டாத விடுமுறை.

ஆகஸ்டில் எனக்கு வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு.
இந்த வாரம் வெயிலும் அதே நாளில் வந்தது.

கத்ரீனா க்ளூட்டே பெட்ரோல் பங்கில்
இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்தாள்.
"பூப் பார்க்க வருகிறவர்களின் வண்டிக்கெல்லாம்
ஊற்றுகிறேன்.
பூவை நான் குனிந்து பார்த்ததில்லை,
மிதித்திருக்கிறேன்" என்றாள்.

மணலில் குப்புறப் படுத்தேன்.
சிக்கல் இதுதான்:
பூ சூரியனைப் பார்க்கிறது.
நான் பூவின் முகம் பார்க்க வேண்டும்.
சூரியன் என் முதுகில்.
கிட்டே போகப் போக
என் தலை அதன்மேல் கறுப்பாய் விழுகிறது.

பக்கவாட்டில் நகர்ந்தேன், நண்டு மாதிரி.
இப்போது இதழ் விளிம்பில்
ரோமம் ரோமமாய் வெளிச்சம்,
மறு பாதி கிணற்று இருட்டு.

கத்ரீனா ஐந்து லிட்டர் மலிவு ஒயின் பையை
வெட்டி விரித்து, வெள்ளி உட்புறம் காட்டிப் பிடித்தாள்.
கொஞ்சம் கீழே.
வேண்டாம், கூசுகிறது, கசக்கு.
இன்னும் கசக்கு.
கசங்கிய வெள்ளியிலிருந்துதான்
வெளிச்சம் மெத்தென்று இறங்கும்.
மேலே உச்சி வெயிலுக்கு
இரண்டு மடிப்புக் கட்டுத்துணி பிடித்தேன்,
புண்ணுக்கு வைக்கும் அதே துணி.

நடுவில் வைத்தால் அடையாள அட்டைப் படம்.
ஓரத்துக்குத் தள்ளினேன்,
அது பார்க்கிற பக்கம் வெறுமையாய்
ஒரு கை அகலம் விட்டு.
பின்னால் யாரோ எறிந்த நீல பாட்டில் மூடி.
அரை விரல் இறங்கினேன்:
மூடி போனது.
ஒரு மலைச்சரிவு முழுக்க உருகி
ஆரஞ்சுக் கூழாய் நின்றது.

எல்லாம் கூடி வந்த நேரத்தில்
இதழ்மேல் ஒரு ஈ.

கையை வீசினேன். போகவில்லை.
ஊதினேன்.
பூ ஆடியது, ஈ அசையவில்லை.
கத்ரீனா வயிறு குலுங்கச் சிரித்தாள்,
வெள்ளிப் பையும் சேர்ந்து சிரித்து
வெளிச்சம் எங்கெங்கோ தெறித்தது.
"அது எழுந்து போகாதுங்க,
பூவே போட்டுக்கொண்ட பொட்டு."

லென்ஸை இன்னும் நெருக்கினேன்.
கருமை, சற்று மேடு,
அந்த மேட்டின்மேல்
ஈயின் முதுகில் வெயில் பட்டால்
எங்கே பளபளக்குமோ, சரியாக அங்கே
வெள்ளையாய் இரண்டு துளி.
நான் ஒயின் பையோடும் கட்டுத்துணியோடும்
இரண்டு மணி நேரம் தேடிய வெளிச்சத்தை
இது தோலிலேயே தீட்டி வைத்திருக்கிறது,
மேகமூட்டத்திலும் அழியாதபடி.

சொல்லி வைத்தாற்போல் நிஜ ஈ வந்தது.
பொய் ஈயின்மேல் இறங்கி
என்னென்னவோ செய்து பார்த்தது.
எக்ஸ்ரே அறையில் தினமும் சொல்வதை
எனக்கே சொன்னேன்:
மூச்சை அடக்குங்கள், அசையாதீர்கள்.

அடக்கினேன். ஈ அடக்கவில்லை.

மகரந்தம் அப்பிய வயிற்றோடு அடுத்த பூவுக்குப் போய்
மறுபடியும் ஏமாறத் தொடங்கியது.
நான்கு ஆக எட்டு நிமிடம்.
இதழ்கள் நுனி தூக்கின.
கத்ரீனா நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்,
பை மட்டும் விலகாமல்.

படத்தில்
பொய் ஈ கூர்மையாக விழுந்திருக்கிறது,
கால் முளைக்காத குறைதான்.
நிஜ ஈ ஒரு பழுப்புக் கலங்கல்,
துடைக்க மறந்த விரல் ரேகை.

கிளினிக்கில் எடை பார்க்கும் இயந்திரத்துக்கு மேலே
அதை ஒட்டியிருக்கிறேன்.
இன்று காலை டாவீட் யோசெஃப்ஸ் ஏறி நின்றார்,
எண்ணைப் பார்க்கவில்லை.
தொப்பியைக் கழற்றி
இதழைப் பார்த்து ஒரு விசிறு விசிறினார்.
கொஞ்சம் பொறுத்து,
இன்னொன்று.